1970-ல் எடுத்த இன்சூரன்ஸ் இன்னைக்குப் பணம் தருமா? அமெரிக்காவில் விஷ மண்ணைச் சுத்தம் செய்ய உதவும் பழைய பாலிசிகள்!

அமெரிக்காவில் 60 வருடம் பழமையான ஒரு கடைக் கட்டடம் விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவருக்குக் கடன் கொடுக்கப்போகும் வங்கி, "முதல்ல மண்ணைச் சோதிச்சுப் பாருங்க" என்கிறது. சோதனை நடக்கிறது. கட்டடத்துக்குக் கீழே மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ரசாயனம் கலந்திருப்பது தெரியவருகிறது. விற்பனை அப்படியே நின்றுபோகிறது. அடுத்த சில மாதங்களில் அரசிடமிருந்து கடிதம்: "இதைச் சுத்தம் செய்ய வேண்டியது உங்கள் பொறுப்பு."

சுத்தம் செய்ய ஆகும் செலவோ, பல நேரங்களில் அந்த இடத்தின் விலையையே தாண்டிவிடும். இன்றைக்கு நடப்பில் இருக்கும் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்த்தால், "மாசுபாட்டுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று தெளிவாகவே எழுதியிருக்கும்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. 1960-களிலும் 70-களிலும் அதே கடைக்கு எடுத்த, எப்போதோ முடிந்துபோன பழைய பாலிசி, இன்றைய செலவைக் கொடுக்க வாய்ப்பிருக்கிறது. முடிந்துபோன பாலிசி எப்படிப் பணம் தரும்? விரிவாகப் பார்க்கலாம்.

லயபிலிட்டி இன்சூரன்ஸ் என்றால் என்ன?

நம்ம ஊரில் பைக் வாங்கினால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். நம் பைக் மோதி வேறொருவருக்கு அடிபட்டால், அவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். நம் பைக்குக்கு ஏற்பட்ட சேதத்துக்கு அது பொருந்தாது.

லயபிலிட்டி இன்சூரன்ஸும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு கடையோ தொழிற்சாலையோ நடத்துபவரால் வேறொருவரின் உடலுக்கோ சொத்துக்கோ பாதிப்பு ஏற்பட்டால், அந்தச் செலவை இந்த பாலிசி ஏற்கும். அமெரிக்காவில் 1940-களின் தொடக்கத்திலிருந்து இதற்கென ஒரு பொதுவான பாலிசி வாசகம் புழக்கத்துக்கு வந்தது. பெரிய ஆலையோ, மூலையில் இருக்கும் சலவைக் கடையோ, பெரும்பாலான தொழில்கள் இந்த வகை பாலிசியைத்தான் வருடாவருடம் புதுப்பித்துவந்தன.

முடிந்துபோன பாலிசி எப்படிப் பணம் தரும்?

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. லயபிலிட்டி பாலிசிகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, க்ளெய்ம் எந்த வருடம் வருகிறதோ அந்த வருட பாலிசி பணம் தரும் வகை. இன்னொன்று, பாதிப்பு எந்த வருடம் நடந்ததோ அந்த வருட பாலிசி பணம் தரும் வகை.

அந்தக் காலத்தில் அமெரிக்கத் தொழில்கள் எடுத்த பொது லயபிலிட்டி பாலிசிகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. அதாவது, 1970-ல் ரசாயனம் கசிந்து பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கெடுத்திருந்தால், 1970-ம் வருட பாலிசிதான் பதில் சொல்ல வேண்டும். அந்த விஷயம் 1971-ல் தெரியவந்தாலும் சரி, 50 வருடம் கழித்துத் தெரியவந்தாலும் சரி. பாலிசியின் காலம் முடிந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் நடந்த பாதிப்புக்கு கம்பெனி கொடுத்த வாக்குறுதி முடிவதில்லை.

அதனால்தான், பழைய மாசு என்று தெரிந்ததும் அமெரிக்க வக்கீல்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "அந்தக் காலத்து இன்சூரன்ஸ் பேப்பர் ஏதாவது இருக்கா?"

1986 ஏன் முக்கியமான வருடம்?

எல்லாப் பழைய பாலிசிக்கும் ஒரே மதிப்பு கிடையாது. மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

முதல் கட்டம், 1970-களின் தொடக்கம் வரை. பொதுவான பாலிசி வாசகத்தில் மாசு பற்றித் தனியாக விலக்கு எதுவும் இல்லை. ஆரம்பத்தில் 'விபத்து' என்று மட்டும் இருந்தது. 1966-ல் வாசகம் மாறியது. திடீர் விபத்து மட்டுமல்ல, கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப நடந்து ஏற்படும் பாதிப்பும் இதில் அடங்கும் என்று ஆனது. ஒரே நிபந்தனை, பாதிப்பை அவர்கள் எதிர்பார்த்தோ வேண்டுமென்றோ செய்திருக்கக் கூடாது. பழைய மாசு வழக்குகளில் அதிக மதிப்புள்ளவை இந்தக் கட்டத்து பாலிசிகள்தான்.

இரண்டாவது கட்டம், 1970-களின் தொடக்கத்திலிருந்து 1985 வரை. மாசுக்கு கவர் இல்லை, ஆனால் அது 'திடீரெனவும் தற்செயலாகவும்' நடந்திருந்தால் உண்டு என்ற பிரிவு சேர்க்கப்பட்டது.

மூன்றாவது கட்டம், 1986-லிருந்து. பொதுவான பாலிசியில் மாசுக்குக் கிட்டத்தட்ட முழு விலக்கு வந்துவிட்டது. கதவு மூடப்பட்டது.

அந்த 'திடீரென' என்ற ஒரே ஒரு சொல்லை வைத்து அமெரிக்க நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் சண்டை நடந்தது. "திடீரென என்றால் சட்டென்று, ஒரே நாளில் நடக்க வேண்டும். 20 வருடம் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது திடீர் ஆகுமா?" என்று கேட்டன இன்சூரன்ஸ் கம்பெனிகள். "எதிர்பாராமல் நடந்தது என்பதுதான் அதன் பொருள்" என்றது எதிர்த்தரப்பு. சில மாகாணங்கள் முதல் வாதத்தை ஏற்றன, சில இரண்டாவதை.

நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1993-ல் மார்ட்டன் இன்டர்நேஷனல் வழக்கில் இன்னொரு கோணத்தில் போனது. இந்தப் பிரிவைச் சேர்க்க அனுமதி கேட்டபோது, இன்சூரன்ஸ் துறை அதன் உண்மையான தாக்கத்தை அரசு அதிகாரிகளிடம் சரியாகச் சொல்லவில்லை என்று கண்டது. அதனால், வாசகம் கம்பெனிகளுக்குச் சாதகமாக இருந்தாலும் அதை அப்படியே பயன்படுத்த அனுமதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

பழைய மாசுக்கு இன்று ஏன் பில் வருகிறது?

இதற்குக் காரணம் லவ் கெனால். நியூயார்க் மாகாணத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் இருக்கும் பகுதி. 1942 முதல் 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம், பாதியில் கைவிடப்பட்ட ஒரு கால்வாயில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டியது. பிறகு மண்ணைப் போட்டு மூடி, 1953-ல் அந்த இடத்தை நகரப் பள்ளி வாரியத்துக்கு 1 டாலருக்குக் கொடுத்தது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1970-களில் வீட்டு அடித்தளங்களுக்குள் ரசாயனம் ஊறிவர ஆரம்பித்தது. 1978 ஆகஸ்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

இதன் தொடர்ச்சியாக 1980 டிசம்பர் 11-ம் தேதி, அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டு வந்ததுதான் சூப்பர்ஃபண்ட் சட்டம். இது சாதாரண சட்டம் இல்லை. ஏன் என்று பாருங்கள்:

தவறு செய்தீர்களா என்று கேட்காது. அந்தக் காலத்தில் கழிவைக் கொட்டியது சட்டப்படி சரியாக இருந்திருந்தாலும் பொறுப்பு உண்டு.

பின்னோக்கிப் பாயும். 1980-க்கு முன் நடந்ததற்கும் பொருந்தும்.

இன்றைய உரிமையாளரையும் பிடிக்கும். கொட்டியது அவர் இல்லை என்றாலும், இடம் அவர் பெயரில் இருந்தால் பொறுப்பு வரலாம். வாங்கும்போதே முறையாக ஆய்வு செய்தவர்களுக்குச் சில பாதுகாப்புகள் உண்டு.

மொத்தச் செலவையும் ஒருவரிடமே கேட்க முடியும். மற்றவர்கள் திவாலாகிவிட்டால், மிச்சம் இருப்பவர் தலையில் விழும்.

இதே பாணியில் பல மாகாணங்களும் சட்டம் கொண்டுவந்தன. ஒரே இரவில் ஆயிரக்கணக்கான தொழில்களுக்குப் புதிய கடன் முளைத்தது போன்ற நிலை. பணத்துக்கு எங்கே போவது என்று தேடியபோது கண்ணில்பட்டவைதான் பழைய பாலிசிகள்.

இதில் பெரிய ஆலைகள் மட்டும்தான் சிக்குமா?

இல்லை. அதிகம் அடிபடுவது சின்னக் கடைகள். குறிப்பாக டிரை கிளீனிங் கடைகள்.

துணியைத் தண்ணீர் இல்லாமல் வெளுக்க 20-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்டது பெர்க் எனப்படும் பெர்குளோரோஎத்திலீன். இது தண்ணீரைவிடக் கனமானது. தரையில் சிந்தினால் கீழே இறங்கி, நிலத்தடி நீரையும் தாண்டி ஆழத்துக்குப் போய்த் தங்கும். சாக்கடைக் குழாயின் இடுக்கு வழியாகவும் கசியும். ஆவியாகி மேலே இருக்கும் கட்டடங்களுக்குள்ளும் வரும். புற்றுநோய் ஆபத்து இருப்பதால், டிரை கிளீனிங்கில் இதன் பயன்பாட்டை 10 வருடத்துக்குள் படிப்படியாக நிறுத்தும் விதியை அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் வெளியிட்டது.

ஓர் உதாரணம். ஒரு குடும்பம் 1962 முதல் 1984 வரை டிரை கிளீனிங் கடை நடத்தியது. பெரியவர் காலமாகிவிட்டார். கட்டடம் இப்போது பிள்ளைகள் பெயரில். அங்கே இப்போது ஒரு பேக்கரி வாடகைக்கு இருக்கிறது. மண்ணில் பெர்க் இருப்பது தெரியவருகிறது. பிள்ளைகள் ஒரு சொட்டு பெர்க்கைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் பில் அவர்களுக்குத்தான் வரும். அவர்களுடைய இன்றைய பாலிசி கைவிரித்துவிடும். அப்பா காலத்து 22 வருட பாலிசிகள் கிடைத்தால் நிலைமையே வேறு.

"சொந்த இடத்துக்கு கவர் கிடையாதே?"

நியாயமான கேள்வி. தேர்ட் பார்ட்டி பாலிசியில் நம் பைக்குக்குப் பணம் கிடைக்காதது போலவே, லயபிலிட்டி பாலிசியிலும் பாலிசிதாரரின் சொந்தச் சொத்துக்கு விலக்கு உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இதைத்தான் முதலில் சொல்லும்.

ஆனால் நிலத்தடி நீர்? பல மாகாணங்களில் அது நில உரிமையாளரின் சொத்தாகக் கருதப்படுவதில்லை. அதனால் நிலத்தடி நீர் கெட்டுப்போனால், அது மூன்றாம் நபருக்கு ஏற்பட்ட சேதம். பக்கத்து நிலத்துக்கு மாசு பரவியிருந்தாலும் அப்படியே. நிலத்தடி நீருக்கு ஆபத்து தொடராமல் இருக்க சொந்த மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தால், அந்தச் செலவையும் பல நீதிமன்றங்கள் கவரில் சேர்த்திருக்கின்றன. மாசு வேலி தாண்டியதா, தண்ணீரைத் தொட்டதா என்பதை அறிக்கைகளில் தெளிவாகக் காட்டச் சொல்வது இதனால்தான்.

அரசு உத்தரவுப்படி சுத்தம் செய்வது 'நஷ்டஈடு' ஆகுமா என்பதும் பெரிய வழக்காக இருந்தது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990-ல் "ஆகும்" என்றது. மற்ற பெரும்பாலான மாகாணங்களும் அந்தப் பக்கமே நின்றன.

22 வருட மாசு என்றால், எந்த வருட பாலிசி?

கசிவு ஒரே நாளில் நடப்பதில்லை. வருடக்கணக்கில் நீளும். அப்போது எந்த வருட கம்பெனி பணம் தர வேண்டும்?

கலிபோர்னியாவில் 1947 முதல் 1982 வரை டி.டி.டி. பூச்சிக்கொல்லி தயாரித்த மான்ட்ரோஸ் கெமிக்கல் நிறுவனத்தின் வழக்கில், 1995-ல் அந்த மாகாண உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. பாதிப்பு தொடர்ந்த காலம் முழுவதும் நடப்பில் இருந்த ஒவ்வொரு பாலிசியும் பொறுப்புக்குள் வரும் என்பதுதான் அது.

அடுத்த பெரிய தீர்ப்பு 2012-ல். இதில் மாட்டியது தனியார் அல்ல, கலிபோர்னியா அரசே. ரிவர்சைட் மாவட்டத்தில் ஸ்ட்ரிங்ஃபெல்லோ அமிலக் குழிகள் என்ற கழிவுத் தளம் 1956 முதல் 1972 வரை இயங்கியது. அங்கே கொட்டப்பட்ட திரவக் கழிவு 3.4 கோடி கேலனுக்கும் மேல், அதாவது சுமார் 13 கோடி லிட்டர். தளத்தை வடிவமைத்ததில் அரசுக்குப் பங்கு இருந்ததால், அரசு மீதே பொறுப்பு விழுந்தது. சுத்தம் செய்ய 70 கோடி டாலர் வரை ஆகலாம் என்று சொன்ன அரசு, பழைய பாலிசிகளோடு நீதிமன்றம் போனது. பல வருட பாலிசிகளின் வரம்புகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டி வாங்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

இதன் கணக்கு எளிது. நம் உதாரணக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 1 லட்சம் டாலர் வரம்புள்ள பாலிசி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருட பாலிசி மட்டும் என்றால் 1 லட்சம். 10 வருட பாலிசிகளைக் கூட்ட முடிந்தால் 10 லட்சம்.

எல்லா மாகாணமும் இப்படி இல்லை. நியூஜெர்சி 1994-ல் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில், நஷ்டத்தை வருடங்களுக்கும் வரம்புகளுக்கும் ஏற்பப் பிரிக்கும் முறையை ஏற்றது. அந்த முறையில், இன்சூரன்ஸ் கிடைத்தும் எடுக்காமல் விட்ட வருடங்களின் பங்கு பாலிசிதாரர் தலையிலேயே விழலாம். இடம் எந்த மாகாணத்தில் இருக்கிறது என்பதே பல நேரங்களில் தொகையைத் தீர்மானிக்கிறது.

பாலிசி பேப்பரே இல்லை என்றால்?

50 வருடத்துக்கு முந்தைய பேப்பரை யார் பத்திரமாக வைத்திருப்பார்கள்? இதற்கென்றே அமெரிக்காவில் ஒரு தொழில் உருவாகிவிட்டது. பெயர், இன்சூரன்ஸ் ஆர்க்கியாலஜி. கீழடியில் பானை ஓட்டைத் தேடுவதுபோல, இவர்கள் பழைய கோப்புகளில் பாலிசி எண்ணைத் தேடுகிறார்கள்.

எங்கெல்லாம் தேடுவார்கள்?

பழைய கணக்குப் புத்தகம், பிரீமியம் கட்டிய காசோலைகள், ரசீதுகள்.

இன்சூரன்ஸ் ஏஜென்டோடு நடந்த கடிதப் போக்குவரத்து. ஏஜென்ட்டின் அலுவலகக் கோப்புகள்.

வாடகை ஒப்பந்தங்கள், வங்கிக் கடன் ஆவணங்கள். கடை வைக்க இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சொன்ன உரிமையாளரோ வங்கியோ, அதற்கான சான்றிதழின் நகலை வைத்திருக்கலாம்.

அரசு ஒப்பந்தங்கள். அரசு வேலை எடுத்தவர்கள் இன்சூரன்ஸ் சான்று கொடுத்திருப்பார்கள்.

பழைய விபத்து வழக்குகள். கடையில் 1968-ல் யாரோ வழுக்கி விழுந்து வழக்குப் போட்டிருந்தால், எந்த கம்பெனி பணம் கொடுத்தது என்பது வழக்குக் கோப்பில் இருக்கும்.

கம்பெனி இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்புகள், ஆடிட்டர் அறிக்கைகள்.

முழு பாலிசி கிடைக்க வேண்டும் என்பதில்லை. கம்பெனி பெயர், பாலிசி எண், வருடம் ஆகியவை உறுதியானாலே பாதி வேலை முடிந்தது. அந்த வருடங்களில் பெரும்பாலான கம்பெனிகள் ஒரே பொது வாசகத்தைப் பயன்படுத்தியதால், உள்ளே என்ன எழுதியிருந்திருக்கும் என்பதை அந்தக் காலத்து மாதிரிப் படிவங்களை வைத்தே நிரூபிக்க முயலலாம்.

அந்த இன்சூரன்ஸ் கம்பெனியே இப்போது இல்லையே?

பெயர் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று அர்த்தமில்லை. உதாரணத்துக்கு, 1792-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய இன்சூரன்ஸ் கம்பெனி ஆஃப் நார்த் அமெரிக்கா, 1982-ல் நடந்த இணைப்பில் சிக்னா ஆனது. சிக்னாவின் சொத்து, விபத்துக் காப்பீட்டுப் பிரிவை 1999-ல் ஏஸ் வாங்கியது. ஏஸ் 2016-ல் சப் நிறுவனத்தை வாங்கி, அதன் பெயரையே சூட்டிக்கொண்டது. பழைய பாலிசியில் இருக்கும் பெயரிலிருந்து இன்று யார் பொறுப்பு என்பதுவரை இந்த வம்சாவளியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் உண்மையிலேயே மூழ்கிப்போனவையும் உண்டு. 1853-ல் தொடங்கிய ஹோம் இன்சூரன்ஸ் 2003-ல் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. அப்படிப்பட்ட கம்பெனியிடம் வரிசையில் நின்று, கிடைக்கும் பங்கைத்தான் வாங்க முடியும்.

லண்டனின் லாய்ட்ஸ் சந்தையே இதில் ஆட்டம் கண்டது. அமெரிக்க ஆஸ்பெஸ்டாஸ், மாசு வழக்குகளும் வரிசையாக வந்த பேரிடர்களும் சேர்ந்து, 1988 முதல் 1992 வரை சுமார் 800 கோடி பவுண்டு நஷ்டம். பழைய கடன்களைத் தனியாகப் பிரித்து, 1996-ல் ஈக்விட்டாஸ் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். பின்னர் அந்தச் சுமையின் பெரும்பகுதியை வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே குழுமம் ஏற்றது.

பணம் எப்படி வரும்?

இந்த பாலிசிகளில் இரண்டு வாக்குறுதிகள் உண்டு. ஒன்று, நஷ்டஈட்டைக் கொடுப்பது. இன்னொன்று, பாலிசிதாரருக்காக வாதாடுவது. வக்கீல் கட்டணம், நிபுணர் கட்டணம் எல்லாம் இரண்டாவதில் வரும். பல வழக்குகளில் மண், நீர் ஆய்வுச் செலவின் ஒரு பகுதியும் இதில் சேர்ந்திருக்கிறது.

பழைய பாலிசிகளில் இந்த வாதாடும் செலவு, பெரும்பாலும் பாலிசி வரம்பில் கழியாது. வரம்பு 1 லட்சம் டாலர் என்றாலும், வாதாட அதைவிட அதிகம் செலவாகலாம், வரம்பு அப்படியே இருக்கும். சின்னக் கடைக்காரர்களுக்குப் பல நேரம் பெரிய உதவியாக இருப்பது இதுதான்.

கம்பெனி "சரி, ஏற்கிறோம், ஆனால் பின்னால் மறுக்கும் உரிமையும் எங்களுக்கு உண்டு" என்று எழுதித்தான் பணம் கொடுக்க ஆரம்பிக்கும். பல வழக்குகள் சமரசத்தில் முடியும். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, பழைய பாலிசியையே கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. இதில் கவனம் தேவை. அப்படி விற்றுவிட்டால், நாளைக்கு வேறு மாசு தெரியவந்தாலும் அந்த பாலிசியைக் காட்ட முடியாது.

எங்கே சறுக்கும்?

தாமதம். மாசு தெரிந்ததும் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். தாமதத்தால் தங்களுக்குப் பாதிப்பு என்று கம்பெனி நிரூபித்தால் பல மாகாணங்களில் க்ளெய்ம் போய்விடும். சில இடங்களில் தாமதமே போதும்.

சொல்லாமல் செலவு செய்வது. "முதல்ல சுத்தம் பண்ணிடுவோம், அப்புறம் பில்லைக் கொடுப்போம்" என்று நினைப்பவர்கள் நிறைய. கம்பெனியின் சம்மதம் இல்லாமல் தானாகச் செய்த செலவைத் தரமாட்டோம் என்று பாலிசியிலேயே இருக்கும்.

தெரிந்தே செய்தது. கெடுதல் வரும் என்று தெரிந்தே கொட்டியதாக ஆதாரம் இருந்தால் கவர் கிடையாது.

'வழக்கு' என்ற சொல். பாலிசி, வழக்கு வந்தால் வாதாடுவோம் என்கிறது. அரசின் கடிதம் வழக்காகுமா? பெரும்பாலான மாகாணங்கள் ஏதாவது ஒரு விதத்தில் ஆகும் என்றன. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1998-ல் ஃபாஸ்டர்-கார்ட்னர் வழக்கில், நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கு மட்டும்தான் என்றது.

வீட்டைக் காலி செய்யும் நாள். பல க்ளெய்ம்கள் நீதிமன்றத்துக்கே போவதில்லை. பெரியவர் இறந்ததும், பழைய பேப்பர் மூட்டையோடு பாலிசியும் குப்பைக்குப் போய்விடுகிறது.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் என்ன சொல்கின்றன?

அவர்கள் பக்கமும் வாதம் இருக்கிறது. 1960-களில் பிரீமியம் நிர்ணயித்தபோது சூப்பர்ஃபண்ட் போன்ற சட்டம் வரும் என்று யாருக்கும் தெரியாது. இல்லாத சட்டத்துக்கு விலை போட முடியாது. பின்னோக்கிப் பாயும் சட்டத்தைப் போட்டது அரசு, சுமப்பது மட்டும் நாங்களா என்பது அவர்கள் கேள்வி. பாலிசிதாரர்கள் தரப்பின் பதில்: "விரிவான கவர் என்று சொல்லித்தானே விற்றீர்கள்? எதிர்பாராததுக்குத்தானே இன்சூரன்ஸ்?"

இந்தச் சண்டையில் சுத்தம் பின்னுக்குப் போனது என்பதும் உண்மை. ராண்ட் ஆய்வு நிறுவனம் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், சூப்பர்ஃபண்ட் தொடர்பாக இன்சூரன்ஸ் கம்பெனிகள் செலவழித்த பணத்தில் 88% வழக்கு, வக்கீல் போன்ற செலவுகளுக்கே போனதாகத் தெரிந்தது.

இதற்குத் தீர்வு தேடிய மாகாணங்களில் ஒன்று ஓரிகன். அங்கே போர்ட்லேண்ட் துறைமுகத்தை ஒட்டிய வில்லாமெட் ஆற்றின் சுமார் 10 மைல் நீளம், 2000 டிசம்பரில் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்ந்தது. 2017-ல் இறுதியான திட்டத்தின் மதிப்பீடு சுமார் 105 கோடி டாலர். கரையில் தொழில் செய்த சின்ன நிறுவனங்களும் இதில் சிக்கின. பழைய பாலிசி க்ளெய்ம்களுக்கென்றே ஓரிகன் 1999-ல் தனிச் சட்டம் போட்டு, பிறகு அதை இன்னும் பலப்படுத்தியது. அரசின் கடிதத்தை வழக்காகவே கருத வேண்டும், தொலைந்த பாலிசியைத் தேடுவதில் கம்பெனியும் ஒத்துழைக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய அம்சங்கள்.

இந்தக் கதை முடிந்துவிட்டதா?

முடியவில்லை. நான்-ஸ்டிக் பூச்சு, தீயணைப்பு நுரை போன்றவற்றில் பயன்பட்ட, எளிதில் சிதையாத பிஃபாஸ் ரசாயனங்களில் இரண்டை, சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் கீழ் அபாயகரமானவை என்று 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசு அறிவித்தது. இவை 1940-களிலிருந்தே புழக்கத்தில் இருப்பவை. தண்ணீர் வாரியங்கள், விமான நிலையங்கள், சின்ன ஆலைகள் எனப் புதிய வரிசை ஒன்று பழைய பாலிசிகளைத் தேட ஆரம்பித்திருக்கிறது. மறுபக்கம், புதிய பாலிசிகளில் பிஃபாஸுக்குத் தனி விலக்கு சேர்க்கப்பட்டுவருகிறது.

1985-க்கு முந்தைய பாலிசிகள் இனி புதிதாக அச்சாகப்போவதில்லை. இருப்பதைக் கண்டுபிடித்தால்தான் உண்டு. ஏஜென்ட்கள் காலமாகிறார்கள், அலுவலகங்கள் மூடப்படுகின்றன, கோப்புகள் கிழித்து எறியப்படுகின்றன. அதனால் அமெரிக்காவில் பழைய தொழில் நடந்த இடம் வைத்திருப்பவர்களுக்கு இத்துறை வக்கீல்கள் சொல்வது இதுதான்: மாசு தெரியவரும்வரை காத்திருக்காமல், இப்போதே பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். 1985-க்கு முந்தைய இன்சூரன்ஸ் பேப்பர் எது கிடைத்தாலும், அது வெறும் ரசீதாக இருந்தாலும், பத்திரப்படுத்துங்கள்.